ஜெனரிக்குக்கு மாறியதும் அம்மாவின் டிஎஸ்எச் ஏறிவிட்டது

2025 ஏப்ரல் 6

அம்மாவுக்குப் பதினொரு ஆண்டுகளாகத் தைராய்டு குறைபாடு. தைராக்சின் 100 மைக்ரோகிராம், தினமும் விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. மருந்து போதுகிறதா என்று ரத்தப் பரிசோதனையில் காட்டும் டிஎஸ்எச் எண் ஜனவரியில் 2.4 இருந்தது. பிப்ரவரி நடுவில் பிராண்டு மாத்திரையை நிறுத்திவிட்டு, பிராண்டுப் பெயர் இல்லாமல் மருந்தின் பொதுப்பெயரிலேயே விற்கும் ஜெனரிக் மாத்திரைக்கு மாற்றினேன். வெள்ளிக்கிழமை வந்த முடிவு 7.4. மாறியது மாத்திரை ஒன்றுதான். மற்றவர்கள் வீட்டிலும் இப்படி ஆகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்: தைராய்டுக்கு ஜெனரிக் வேண்டாம். வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

2025 ஏப்ரல் 6, இரவு

விவரம் கேட்டவர்களுக்கு. ஊர் திருச்சி. ஜெனரிக் மருந்து மட்டும் விற்கும் ஒரு தனியார் கடையில் வாங்கினேன், பெயர் வேண்டாம். அட்டையில் பிராண்டுப் பெயர் எதுவும் இல்லை. தைராக்சின் சோடியம் மாத்திரை என்றும் அளவும்தான் அச்சாகியிருக்கின்றன. காலாவதி ஆக இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. ஏழு வாரமும் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டிருக்கிறார். காலி அட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டேன், கணக்கு சரியாக வருகிறது.

முடிவைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம் எனக்கு உறைத்தது. அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார், கையில் பாதி உரித்த காய். கல்யாண மோதிரம் விரலில் இறுகி, சோப்பு நுரை போட்டும் கழலவில்லை. குரல் சளி பிடித்தவர் போலக் கரகரக்கிறது. வெயில் தொடங்கிவிட்டது, அதனால் வந்த அசதி என்று நானும் விட்டுவிட்டேன். தைராய்டு சுரப்பு உடம்புக்குப் போதாதபோது, "இன்னும் சுரந்து கொடு" என்று மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளைதான் டிஎஸ்எச். எண் ஏறுகிறது என்றால் மருந்து போதவில்லை என்று பொருள். பதினொரு ஆண்டுகளாக இந்த எண்ணோடு வாழ்கிற வீடு, எங்களுக்கு அதைப் படிக்கத் தெரியும்.

இந்த மாற்றத்தால் மிச்சமானது மாதத்துக்கு முப்பது ரூபாய்கூட இல்லை. அதை நினைத்தால்தான் ஆத்திரம் வருகிறது.

2025 ஏப்ரல் 8

"ஜெனரிக் என்றாலே மட்டம் என்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அப்பாவின் மருந்துகளை ஒன்றரை வருடத்துக்கு முன்பே மாற்றிவிட்டேன். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், அம்லோடிபின், கொழுப்புக்கு அடோர்வாஸ்டேடின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். மாதம் ஆயிரத்து இருநூறுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது, இப்போது நானூறுக்குள் முடிகிறது. அழுத்தம் அதே 130க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஓய்வூதியத்தில் வாழ்கிறவருக்கு அந்த எண்ணூறு ரூபாய் பெரிய தொகை. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

நான் சொல்வது தைராய்டு மாத்திரையைப் பற்றி மட்டும். மைக்ரோகிராம் கணக்கில் அளந்து கொடுக்கிற மருந்து இது. 88 ஒருவருக்குப் போதும், 100 இன்னொருவருக்கு வேண்டும். இதில் ஐந்து, பத்து விழுக்காடு தவறினாலும் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். ஜெனரிக்கில் 20 விழுக்காடு வரை மருந்து குறையலாம் என்று சட்டமே இடம் கொடுக்கிறதாம். அப்படியென்றால் அம்மா சாப்பிட்டது 80தானே?

2025 ஏப்ரல் 13

நேற்று டாக்டரைப் பார்த்தோம். இரண்டு முடிவுகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "வேறு ஏதாவது மாறியதா? புதிதாக மாத்திரை, சாப்பாட்டில் மாற்றம்?" என்று கேட்டார். "இல்லை டாக்டர்" என்றேன். அம்மாவும் தலையாட்டினார். பழைய பிராண்டுக்கே போகலாம், எட்டு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார். அளவைக் கூட்டவில்லை. தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகுமாம். அதனால் எந்த மாற்றம் செய்தாலும் ஆறு வாரத்துக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை என்றார்.

ஜெனரிக் பற்றி அவரே ஒன்றும் குறை சொல்லவில்லை. "மாற்றியது தவறில்லை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். அது எனக்குத் தைத்தது.

2025 ஏப்ரல் 14

"கடைக்காரரே மாற்றிக் கொடுக்கலாமே, அமெரிக்காவில் அப்படித்தானே?" என்ற கேள்விக்கு. இங்கே அது கூடாது. மருந்து விதிகளில் 65ஆம் விதியின் கீழ் ஒரு பிரிவு இருக்கிறது: எச் அட்டவணையில் (டாக்டர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்) உள்ள மருந்துக்குச் சீட்டு எழுதியிருந்தால், உள்ளே இருப்பது அதே மருந்தாகவே இருந்தாலும், எழுதியதற்குப் பதிலாக வேறொரு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது. நடைமுறையில் "அது இல்லை, இதுவும் அதுதான்" என்று எத்தனை கடைகளில் கொடுக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். டாக்டர்கள் பொதுப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி கொண்டுவந்து, அதே மாதத்திலேயே நிறுத்திவைத்தது. ஆக, சீட்டில் பிராண்டு, கடையில் கையிருப்பு, நடுவில் நோயாளி. மாற்ற வேண்டுமானால் நாமே வாய் திறந்து டாக்டரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. நான் கேட்கவில்லை.

2025 மே 4

ஏப்ரல் 8 குறிப்பில் 20 விழுக்காடு பற்றி எழுதியது தவறு. ஒருவர் கடுமையாகவே திருத்தியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது, பிறகு உட்கார்ந்து படித்தேன். அவர் சொன்னதுதான் சரி.

80 முதல் 125 வரை என்று ஒரு வரம்பு உண்டு, உண்மைதான். ஆனால் மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் எடைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆரோக்கியமான சிலருக்கு இரண்டு மாத்திரைகளையும் வெவ்வேறு நாட்களில் கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு மருந்து சேர்கிறது என்று அளக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டு, அதற்கு மேலும் கீழும் ஒரு நிச்சயமின்மைப் பட்டை போடுகிறார்கள். அந்தப் பட்டை முழுவதும் 80க்கும் 125க்கும் நடுவில் அடங்க வேண்டும். பட்டையே அடங்க வேண்டும் என்றால், நடுவில் இருக்கும் சராசரி 100க்கு மிகப் பக்கத்தில் இருந்தால்தான் நடக்கும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 1996 முதல் 2007 வரை 12 ஆண்டுகளில் வந்த 2,070 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. பிராண்டுக்கும் ஜெனரிக்குக்கும் ரத்தத்தில் சேர்ந்த அளவில் சராசரி வித்தியாசம் 3.56 விழுக்காடு. அதே பிராண்டில் இரண்டு தயாரிப்புத் தொகுதிகளை (பேட்ச்) எடுத்தாலும் கொஞ்சம் வித்தியாசம் வரத்தான் செய்யும்.

தைராக்சினுக்கு அங்கே கெடுபிடி இன்னும் அதிகம். காலாவதித் தேதி வரை மாத்திரையில் 95 முதல் 105 விழுக்காட்டுக்குள் மருந்து இருந்தாக வேண்டும் என்று 2007இல் இறுக்கினார்கள்.

இது அமெரிக்கக் கணக்கு. நம் நாட்டில், உடம்பில் சீராகச் சேருமா என்கிற இந்தச் சோதனை 2017 ஏப்ரலில்தான் கட்டாயமானது, அதுவும் தண்ணீரில் எளிதில் கரையாத மருந்து வகைகளுக்கு மட்டும். அதற்கு முன்னால், ஒரு மருந்து சந்தைக்கு வந்து நான்கு ஆண்டு ஆகிவிட்டால் மாநில உரிமம் வாங்கித் தயாரித்துவிடலாம். அதனால் என் சந்தேகம் முழுவதும் தீரவில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் பிராண்டு போட்ட மாத்திரைக்கும் சேர்த்துத்தான் பொருந்துகிறது. இதை நான் யோசித்ததே இல்லை. அம்மா சாப்பிடும் "பிராண்டு" யாருடைய கண்டுபிடிப்பும் இல்லை. தைராக்சினை 1914 கிறிஸ்துமஸ் அன்று மேயோ மருத்துவமனையில் எட்வர்டு கெண்டல் பிரித்தெடுத்தார். 1927இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதைச் செயற்கையாக உருவாக்கினார்கள். நூறாண்டு பழைய மருந்து. நம் ஊர்க் கடையில் பெயரோடு வருவதும் பெயர் இல்லாமல் வருவதும் இரண்டுமே ஜெனரிக்தான், ஒன்றுக்கு விளம்பரப் பெயர் இருக்கிறது.

2025 மே 5

அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மருந்தின் பொதுப்பெயரை பிராண்டுப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று 2018இல் விதி வந்தது. கூட்டு மருந்துகளுக்கு அது பொருந்தாது. கண்ணாடி போட்டுக்கொண்டும் அப்பா இத்தனை நாளாக பிராண்டுப் பெயரைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

2025 ஜூன் 8

எட்டு வாரம் முடிந்தது. பழைய பிராண்டு மாத்திரை, அதே டப்பா, நாங்கள் எப்போதும் வாங்கும் அதே கடை. டிஎஸ்எச் 7.1.

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இறங்கவே இல்லை.

2025 ஜூன் 9

இன்று காலை ஐந்தரைக்கு எழுந்து அம்மாவோடு சமையலறையில் உட்கார்ந்தேன். பதினொரு வருடத்தில் அவர் மாத்திரை போடுவதை நான் ஒருநாளும் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை.

அடுப்புக்கு வலப்பக்கத்துத் தட்டில் மஞ்சள்தூள் சம்புடத்துக்குப் பின்னால் தைராய்டு டப்பா. மூடியைத் திறந்து, மிளகளவு வெள்ளை மாத்திரை ஒன்றை இடது உள்ளங்கையில் கொட்டினார். பிறகு அதே தட்டிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்தார். அதிலிருந்து நீளமாக, கொட்டைப்பாக்குச் சீவல் போல ஒன்று. இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டு, செம்பில் இருந்த வெந்நீரை அண்ணாந்து குடித்தார்.

"அது என்னம்மா இரண்டாவது?"

"இதுவா? முட்டிக்குக் கொடுத்தது. சத்து மாத்திரை."

கால்சியம், கூடவே வைட்டமின் டி. பிப்ரவரி முதல் வாரத்தில், நான் அலுவலகத்தில் இருந்தபோது, அப்பா அம்மாவை முழங்கால் வலிக்கு எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறார். அவர் எழுதிக் கொடுத்தது. அன்று எங்கள் டாக்டர் வேறு ஏதாவது மாறியதா என்று கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றேன். அம்மா உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "மருந்தைத்தானே கேட்டார்? இது சத்து மாத்திரைதானே" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. "வேறொன்றும் மாறவில்லை" என்று டாக்டரிடம் அடித்துச் சொன்னது நான்தான்.

2025 ஜூன் 9, மாலை

டாக்டரிடம் தொலைபேசியில் சொன்னேன். "அதுதான்" என்று உடனே சொல்லிவிட்டார். கால்சியம் குடலில் தைராக்சினைப் பிடித்துக்கொள்ளும், உடம்புக்குள் சேர விடாது. இரும்புச்சத்து மாத்திரையும் சில நெஞ்செரிச்சல் மருந்துகளும் இதே வேலையைச் செய்யும். குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொள்ளச் சொன்னார். தைராக்சின் அளவைத் தொடவில்லை, பிராண்டையும் தொடவில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், எட்டு வாரம் கழித்துப் பார்ப்போம் என்றார்.

பிப்ரவரியில் எங்கள் வீட்டில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு மாற்றங்கள் நடந்திருக்கின்றன. ஒன்று எனக்குத் தெரியும், மற்றொன்று தெரியாது. தெரிந்ததன் மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

2025 ஜூன் 15

முதல் குறிப்பை நீக்கிவிடச் சொல்கிறார்கள் சிலர். நீக்க மாட்டேன். அதைப் படித்துவிட்டு, தன் அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரையை விலை கூடிய பழைய பிராண்டுக்கே மாற்றிவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். அவர் திரும்பி வந்தால் இதையும் படிக்கட்டும்: ஏப்ரல் 6இல் நான் எழுதிய முடிவுக்கு ஆதாரம் இல்லை. அம்மாவின் டிஎஸ்எச் ஏறியது உண்மை. அதற்குக் காரணம் ஜெனரிக் என்று நான் சொன்னது அவசரம்.

ஜெனரிக் குற்றமற்றது என்றும் இன்னும் சொல்லிவிட முடியாது. அடுத்த முடிவு வரட்டும்.

2025 ஜூன் 29

காத்திருக்கும் நாட்களில் படித்தது. தைராய்டு மாத்திரைக்கு பிராண்டு பெரிதா, ஜெனரிக் பெரிதா என்கிற சண்டை முதலில் தொடங்கியது நம் ஊரில் இல்லை.

அமெரிக்காவில் சின்த்ராய்டு என்ற பிராண்டுதான் இந்தச் சந்தையை ஆண்டது. மற்றவற்றைவிடத் தன் மாத்திரையே மேல் என்று நிரூபிக்கலாம் என்று அதன் நிறுவனமே 1987இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த பெட்டி டாங் என்பவரிடம் ஆய்வு செய்யப் பணம் கொடுத்தது. ஆய்வு முடிந்தது. ஒப்பிட்டுப் பார்த்த நான்கு மாத்திரைகளும் உடம்பில் ஒன்றுபோலவே சேர்கின்றன என்று வந்தது. 1995 ஜனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கட்டுரை வரவிருந்தது. நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. வழக்குக்கு அஞ்சிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். 1997 ஏப்ரலில்தான் அது அச்சேறியது. இடையில் போன ஆண்டுகளில் எத்தனை லட்சம் பேர் கூடுதல் விலை கொடுத்து அதே மருந்தை வாங்கியிருப்பார்கள் என்று யோசிக்கும்போது வயிறு எரிகிறது.

இன்னொன்று பிரான்ஸ். அங்கே ஜெனரிக் விஷயமே இல்லை. நாட்டில் சுமார் 30 லட்சம் பேர் சாப்பிட்டுவந்த லெவோதைராக்ஸ் என்ற பிராண்டு, 2017 மார்ச்சில், மாத்திரையில் மருந்தோடு கலக்கும் துணைப்பொருளை மாற்றியது. லாக்டோஸை எடுத்துவிட்டு மானிடாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தார்கள். மருந்தின் அளவு இன்னும் சீராக இருக்கும் என்பதுதான் காரணம். ஆனால் களைப்பு, தலைச்சுற்றல், முடி உதிர்வு என்று ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. அக்டோபரில் பழைய வகையைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பெயர் அப்படியே இருக்க, மாத்திரை மாறிவிட்டது.

இதைப் படித்தபோது ஏப்ரல் 6இன் ஆத்திரத்தை வேறு மாதிரி புரிந்துகொண்டேன். உடம்பு ஒரு மாத்திரைக்குப் பழகியிருக்கிறது, அதைச் சொல்லாமல் மாற்றினால் பயம் வரத்தான் செய்யும். அந்தப் பயத்தை யாரும் கேலி செய்யக் கூடாது.

2025 ஜூலை 6

கேட்கப்பட்டது: "துணைப்பொருள் என்பது வெறும் மாவுதானே, அது என்ன செய்துவிடும்?" செய்யும். 1968இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் வலிப்பு நோயாளிகள் பலருக்கு ஒரே சமயத்தில் தள்ளாட்டம், வாய்க்குழறல். அவர்கள் சாப்பிட்ட ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தின் கேப்சூலில் மருந்தின் அளவு அப்படியேதான் இருந்தது. நிரப்புப் பொருளை மட்டும் கால்சியம் சல்ஃபேட்டிலிருந்து லாக்டோஸுக்கு மாற்றியிருந்தார்கள். முன்பு அந்தக் கால்சியம் மருந்தின் ஒரு பகுதியைச் சேரவிடாமல் தடுத்துவந்தது. அது போனதும் முழு மருந்தும் ரத்தத்தில் ஏறிவிட்டது.

மறுபடியும் கால்சியம். அம்மாவிடம் சொன்னேன். "அங்கே மருந்துக்குள்ளேயே இருந்திருக்கிறது, நான் தனியாகப் போட்டேன்" என்றார்.

2025 ஆகஸ்ட் 3

2.8.

பிராண்டு அதேதான். அளவு அதேதான். கால்சியம் மட்டும் காலையிலிருந்து இரவுக்குப் போனது. மோதிரம் போன வாரமே கழன்றுவிட்டது, சோப்பு இல்லாமல்.

2025 ஆகஸ்ட் 10

ஜெனரிக்கை மறுபடி முயன்று பார்க்கலாமா என்று வீட்டில் பெரிய பேச்சு. அப்பா வேண்டாம் என்றார். "சரியாகி வந்திருப்பதை எதற்காகக் கலைக்கிறாய்? மாதம் முப்பது ரூபாய்க்காகவா?" அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தைராக்சின் ஏற்கெனவே அரசின் விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, பிராண்டே பெரிய விலை இல்லை. அப்பாவின் மருந்துகளில் கிடைத்த லாபம் இதில் கிடைக்காது. யாராவது என்னிடம் கேட்டால், சேமிக்க வேண்டுமானால் முதலில் கொழுப்பு, ரத்த அழுத்த மாத்திரைகளில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

முடிவு எடுத்தது அம்மா. "பாவம், அந்த மாத்திரை மேல் பழி போட்டுவிட்டோம். சாப்பிட்டுப் பார்த்துவிடலாம்" என்றார். டாக்டரிடம் இந்த முறை முதலிலேயே கேட்டோம். இரண்டு நிபந்தனை போட்டார்: ஒரே தயாரிப்பாளர், இடையில் கடை மாற்றி வேறொன்று வாங்கக் கூடாது, கிடைத்தால் மூன்று மாதத்துக்கான அட்டைகளை ஒரே தொகுதி எண்ணில் வாங்கிவிட வேண்டும். அதோடு, மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கிப் பழைய டப்பாவில் போட்டுவைக்கக் கூடாது என்றார். வெளிச்சம், ஈரம், சூடு மூன்றும் தைராக்சினுக்கு ஆகாது. அடுப்புக்குப் பக்கத்துத் தட்டு என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். இப்போது அட்டைகள் படுக்கையறை அலமாரியில், அம்மாவின் பட்டுப்புடவை அடுக்குக்குக் கீழே.

2025 ஆகஸ்ட் 17

அரசு மருத்துவமனை மாத்திரை பற்றிக் கேட்டவருக்கு. என் பெரியம்மா பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு அதைத்தான் சாப்பிடுகிறார், எழுபத்தாறு வயதில் மூன்று மாடி ஏறுகிறார். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளைப் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்குகிறது. வரும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் யார் என்று தெரியாதபடி குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறது. தேறினால்தான் மருத்துவமனைக்குப் போகிறது. நான் பிராண்டு வாங்கியபோது இந்த மாதிரி ஒரு சோதனை நடந்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை. பெரியம்மாவின் மாத்திரையைத்தான் "இலவச மாத்திரை" என்று பலரும் குறைத்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

இந்த ஆண்டு பிப்ரவரி 24 அன்று மாநிலம் முழுவதும் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள், மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008 முதல் இருக்கின்றன. பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே கேட்டுப் பாருங்கள். பொதுப்பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் வேலை சுலபம்.

2025 செப்டம்பர் 28

ஜெனரிக்கில் ஏழு வாரம். டிஎஸ்எச் 3.1.

ஆகஸ்டில் 2.8, இப்போது 3.1. இந்த வித்தியாசம் ஒரே மனிதருக்குக் காலைக்கும் மாலைக்குமே வரும் என்றார் டாக்டர். 2022இல் அமெரிக்காவில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வையும் சொன்னார். ஒரு நிறுவனத்தின் ஜெனரிக் தைராக்சினிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்களுக்கும் மாறாதவர்களுக்கும் டிஎஸ்எச்சில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அம்மா ஒருவரை வைத்து நான் எதையும் நிரூபித்துவிடவில்லை. எங்கள் வீட்டுக் கேள்விக்கு மட்டும் பதில் கிடைத்திருக்கிறது.

2025 அக்டோபர் 12

இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் இறந்த செய்தி வந்ததிலிருந்து, "இனியும் ஜெனரிக்கை ஆதரிப்பீர்களா?" என்று பலர் கேட்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பகுதியில் அத்தனை பிஞ்சுகள் போனதை நினைத்தாலே தூக்கம் வரவில்லை. நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது அந்த மருந்து. நம் மாநில ஆய்வகம்தான் அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் இருப்பதைக் கண்டுபிடித்தது. அது பொதுப்பெயரில் வந்த மருந்து அல்ல. பிராண்டுப் பெயரோடு, டாக்டர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்து, கடையில் காசு கொடுத்து வாங்கிய மருந்து.

எனவே கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தத் தொகுதியை யார் சோதித்தார்கள்? மூலப்பொருளைச் சோதித்தார்களா? எத்தனை ஆய்வாளர்கள் எத்தனை ஆலைகளுக்குப் போகிறார்கள்? மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடும் தரமற்ற மருந்துப் பட்டியலைப் பாருங்கள், பெயர் உள்ளவையும் இல்லாதவையும் கலந்துதான் இருக்கின்றன. பிராண்டு என்கிற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நான் ஏப்ரலில் நினைத்தேன். இப்போது அந்த நிம்மதி எனக்கு இல்லை.

2025 நவம்பர் 2

வலிப்புக்கு மருந்து சாப்பிடும் மகனுக்கு மாற்றலாமா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். அம்மா, எங்கள் கதையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபினோபார்பிடோன், பிரிமிடோன் நான்கையும் எந்தத் தயாரிப்பாளருடையதில் தொடங்கினார்களோ அதிலேயே தொடர வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் அறிவுறுத்தியது. லெவெடிராசெட்டம் போன்றவற்றுக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. எங்களுக்கு எண் ஏறினால் அசதி வரும், இரண்டு மாதம் பொறுத்துத் திருத்திக்கொள்ளலாம். உங்கள் மகனுக்கு ஒரே ஒரு வலிப்பு வந்தாலும், அது சாலையைக் கடக்கும்போது வரலாம். நரம்பியல் டாக்டரிடம் கேட்காமல் ஒரு அட்டைகூட மாற்றாதீர்கள். அவர் சரி என்றால் பயப்படாமல் மாற்றுங்கள். அதுவரை, கடையில் "அது இல்லை, இது இருக்கிறது" என்றால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். கையில் எப்போதும் பதினைந்து நாள் மாத்திரை கூடுதலாக இருக்கட்டும்.

மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர்களின் டாக்ரோலிமஸ், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் இரண்டையும் பற்றிக் கேட்டவர்களுக்கும் இதே பதில்தான்.

2025 நவம்பர் 16

காபி. இதை மட்டும் நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். ஆம், காபியும் தைராக்சின் சேர்வதைக் குறைக்கும். முப்பது நிமிடம், முடிந்தால் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. அம்மா பதினொரு ஆண்டுகளாக இருபதாவது நிமிடத்தில் டிகிரி காபி குடிக்கிறார். நிறுத்தச் சொல்லலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். அம்மாவின் 100 மைக்ரோகிராம் அந்தக் காபியையும் சேர்த்துத்தான் நிர்ணயமாகியிருக்கிறது. இப்போது காபியை நிறுத்தினால் மருந்து கூடுதலாகச் சேர்ந்து படபடப்பு வரலாம், பிறகு அளவைக் குறைக்க வேண்டிவரும். தினமும் ஒரே மாதிரி செய்கிறாரா என்பதுதான் டாக்டருக்கு முக்கியம். அம்மாவுக்கு இந்தத் தீர்ப்பில் பரம திருப்தி.

நேற்று அடுத்த மூன்று மாதத்து அட்டைகள் வாங்கினேன். தயாரிப்பாளர் அதே, தொகுதி எண் வேறு. இரண்டு எண்களையும் சமையலறை நாட்காட்டியில் எழுதிவைத்திருக்கிறேன், பக்கத்தில் எலும்பு டாக்டர் கால்சியத்தை நிறுத்தச் சொன்ன தேதியும் இருக்கிறது. ரத்தம் எடுப்பது ஜனவரி முதல் வாரத்தில்.